ஐந்து டொலர் டிக்கட்: ஃபுகாஸியின் பதினைந்து வருடங்கள்

ஒரு இசைநிகழ்ச்சி வைப்பம் எண்டு நாலு பேர் கூடிக் கதைக்கத் தொடங்கினால், பாட்டைப் பற்றிய கதை பத்து நிமிசத்துக்கு மேலே போகாது. பிறகு "ஸ்பொன்சர் ஆர்?" எண்ட கேள்வி வந்து குந்திவிடும். மண்டப வாடகை, சவுண்ட் செற், ஜெனரேட்டர், வாற ஆக்களுக்குச் சாப்பாடு எண்டு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், மேடைக்குப் பின்னால் எந்தக் கொம்பனியின் பெயர் தொங்கப்போகிறது என்பதில்தான் கூட்டம் முடியும். எங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒருமுறை பதாகை மேடையைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே நின்று பாடிய பெடியன் படத்தில் ஒரு புள்ளி மாதிரித்தான் தெரிகிறான்.

அப்படியான ஒரு கூட்டம் முடிந்து, தேத்தண்ணிக் கடையில் இருந்து புறுபுறுத்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபுகாஸி என்ற பெயர் எங்கள் பேச்சுக்குள் வந்தது. அமெரிக்காவின் வொஷிங்டன் நகரத்து றொக் இசைக்குழு. 1987 தொடக்கம் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வாசித்தவர்கள். பெரிய இசைக் கொம்பனி எதிலும் ஒப்பமிடவில்லை. மனேஜர் இல்லை. ரீசேட் விற்கவில்லை. அந்தப் பதினைந்து வருடத்தின் பெரும்பகுதியிலும் அவர்களுடைய டிக்கட் ஐந்து டொலர்.

இதை ஒரு புராணம் மாதிரிச் சொல்லுகிறவர்கள் கனபேர். கொள்கைவீரர், துறவிகள், விலைபோகாதவர்கள் எண்டு. எங்களுக்கு அந்தக் கதையில் அவ்வளவு ஆர்வமில்லை. எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்: கொப்பியில் அந்தக் கணக்கை எப்படிச் சரிக்கட்டினார்கள்?

அதற்கு ஃபுகாஸிக்கு முந்திய ஏழு வருடத்தில் இருந்து தொடங்கவேண்டும்.

1979இல் வொஷிங்டனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாலு பெடியள் 'ரீன் ஐடில்ஸ்' என்று ஒரு பங்க் இசைக்குழு தொடங்கினார்கள். அதில் பேஸ் கிற்றார் வாசித்தவர் இயன் மக்காய், டிரம்ஸ் ஜெஃப் நெல்சன். ஒரு வருடம்தான் ஓடியது. நிகழ்ச்சிகளில் வந்த காசைப் பங்கு பிரிக்காமல் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டே வந்தார்கள். பிரிகிறபோது அதில் ஏறக்குறைய 600 டொலர் இருந்தது. ஆளுக்கு நூற்றைம்பது எடுத்துக்கொண்டு வீட்டை போயிருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஆரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் இருந்தோம் என்பதற்கு ஒரு அடையாளம் இருக்கட்டும் எண்டு, இல்லாமற்போன இசைக்குழுவுக்கு ஒரு இசைத்தட்டு அச்சிட்டார்கள். சின்னத்தட்டு, ஆயிரம் பிரதி. அட்டை செய்யத் தெரியாது. ஒரு இங்கிலாந்துத் தட்டின் உறையைப் பிரித்து விரித்து, அதன் வெட்டைப் பார்த்துக் கீறி, கத்தரிக்கோலும் பசையுமாக வீட்டில் இருந்து மடித்து ஒட்டினார்கள். அந்தத் தட்டை வெளியிடுவதற்காக வைத்த பெயர்தான் 'டிஸ்கோர்ட் ரெக்கோர்ட்ஸ்'. (இண்டைக்குப் பெடியள் கேம் விளையாடிக்கொண்டு கதைக்கிற அந்தச் செயலிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை.)

அந்த அட்டையில் இருப்பது இரண்டு கைகள். இரண்டு புறங்கையிலும் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் குறி. அதற்கும் ஒரு காசுக்கணக்கு இருக்கிறது. றொக் நிகழ்ச்சிகள் நடந்தது குடிக்கிற இடங்களில். கிளப்காரருக்கு வருமானம் டிக்கட்டில் இல்லை, மதுபானத்தில். குடிக்கிற வயது வராத பெடியளை உள்ளே விட்டால் சட்டச் சிக்கலும் வரும், விற்பனையும் நடக்காது. ரீன் ஐடில்ஸ் 1980இல் கலிபோர்னியாவுக்குப் போனபோது சான் பிரான்சிஸ்கோ கிளப்பொன்றில் வயது குறைந்தவர்களின் கையில் இந்தக் குறியைப் போட்டு உள்ளே விட்டார்கள். திரும்பி வந்து வொஷிங்டன் கிளப்காரரிடம் அதையே சொன்னார்கள்: குறியைப் போடுங்கோ, குடிக்கமாட்டம், பாட்டுக் கேட்கத்தானே வாறம். இசையை மதுபானக் கல்லாவிலிருந்து பிரித்தெடுக்கிற வேலை அங்கே தொடங்குகிறது. 'எல்லா வயதினருக்கும்' என்ற ஃபுகாஸியின் நிபந்தனை இதிலிருந்து வந்தது.

இன்னொரு கடனையும் சொல்லவேண்டும். வொஷிங்டன் அப்போது கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். இந்தப் பெடியள் வெள்ளையர்கள், பெரும்பாலும் படித்த நடுத்தரக் குடும்பங்கள். மக்காயின் தகப்பன் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் சமயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். ஆனால் வேகமாக வாசிப்பது எப்படி, மேடையில் நிற்பது எப்படி என்று இவர்களுக்குக் காட்டியது 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற கறுப்பின இசைக்குழு. ஜாஸ் கலவையிசையில் பழகி, பங்குக்கு வந்து, பிறகு றெகேக்குள் போனவர்கள். அவர்கள் வாசித்ததைக் கேட்டபிறகு சும்மா வாசிக்க ஏலாது எண்ட நிலைமை. ஹார்ட்கோர் பங்க் என்று பின்னாளில் உலகம் முழுக்க வெள்ளைப் பெடியளின் இசையாகப் போன ஒன்றின் தொடக்கத்தில் இந்தக் குழு நிற்கிறது.

ரீன் ஐடில்ஸுக்குப் பிறகு மக்காயும் நெல்சனும் 'மைனர் த்ரெட்' தொடங்கினார்கள். 1980 முதல் 1983 வரை. மக்காய் இப்போது பாடகர். குடி, போதை வேண்டாம் என்று அவர் எழுதிய ஒரு நிமிடமும் நீளாத பாட்டு 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்ற பெயரில் ஒரு இயக்கமாகவே மாறிவிட்டது. தான் இயக்கம் தொடங்கவில்லை, தன் வாழ்க்கையைப் பாடினேன் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஆரும் கேட்டமாதிரித் தெரியவில்லை. அதே குழுவின் 'கில்ற்றி ஒஃப் பீயிங் வைற்' என்ற பாட்டு இதைவிட மோசமாகத் திரும்பி அடித்தது. கறுப்பின மாணவர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிக்கூடத்தில் தான் அடிவாங்கிய அனுபவத்தைப் பதின்ம வயதுக்காரன் ஒருவன் எழுதினான். இனவாதிகள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். எழுதியவரின் எண்ணம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தப் பாட்டு எங்களுக்கு இன்றும் நெருடுகிறது. நகரத்தின் அதிகாரம் ஆரிடம் இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஆர் ஆரை அடித்தார்கள் என்பதை அது பார்க்கவில்லை.

மைனர் த்ரெட் பிரிந்தபோது ஹார்ட்கோர் நிகழ்ச்சிகள் சண்டைக்களமாகியிருந்தன. பாட்டுக்கு முன்னால் நின்று ஆளையாள் இடித்து ஆடுவது, இடிப்பதற்காகவே வருகிற ஆட்கள், மூலைக்கு ஒதுக்கப்பட்ட பெண்கள். 1985 கோடையில் வொஷிங்டன் இளைஞர்கள் அதற்கு எதிராகத் தாங்களே புதுக் குழுக்கள் தொடங்கினார்கள். அந்தக் கோடைக்கு 'புரட்சிக் கோடை' எண்டே பெயர். மக்காயின் 'எம்ப்ரேஸ்' அதில் ஒன்று. கீ பிச்சியோட்டோ பாட, பிரெண்டன் கான்டி டிரம்ஸ் வாசித்த 'றைற்ஸ் ஒஃப் ஸ்பிரிங்' இன்னொன்று. இரண்டுமே கனகாலம் நிலைக்கவில்லை. வாசிக்கிறது, சண்டை பிடிக்கிறது, பிரிகிறது. அந்த ஊரின் வழக்கமே அதுதான்.

அடுத்ததைத் தொடங்கும்போது மக்காய் அவசரப்படவில்லை. வேறொரு டிஸ்கோர்ட் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டு திரிந்த ஜோ லாலியைப் பேஸ் வாசிக்கச் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்காகப் பழகினார்கள். பிறகு கான்டி வந்தார். 1987 செப்டெம்பர் 3ஆம் திகதி, வில்சன் சென்ரர் என்ற சமூகமண்டபத்தில், மூன்று பேராக முதல் நிகழ்ச்சி. பிச்சியோட்டோ பார்க்கத்தான் வந்துபோனார். கொஞ்சக் காலத்தில் பாடத் தொடங்கினார். கிற்றார் எடுத்தது அதற்கும் பிறகு. பெயரை மக்காய் எடுத்தது வியட்நாம் போருக்குப் போய்வந்த படையினரின் வாக்குமூலங்களைத் தொகுத்த மார்க் பேக்கரின் புத்தகத்திலிருந்து. பதுங்கித் தாக்குதலில் மாட்டி, உடல்பையில் போட்டு இழுத்து மூடப்பட்ட நிலைமைக்கு அந்தப் படையினர் வைத்த கொச்சைச் சுருக்கம் அது. சும்மா ஸ்டைலுக்கு வைத்த பெயர் எண்டுதான் முதலில் நாங்கள் நினைத்தோம். அர்த்தம் தெரிந்தபிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

இசையைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் கொள்கைக்காகத் திரும்பத் திரும்பக் கேட்க ஆராலும் ஏலாது. 1988இல் வந்த முதல் தட்டின் முதற்பாட்டு 'வெயிட்டிங் றூம்'. லாலியின் பேஸ் தனியாகத் தொடங்கும். கிற்றாரும் டிரம்ஸும் வந்து சேரும். அரை நிமிசம் ஆகமுன்னம் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். கரண்ட் போய்விட்டதோ எண்டு நினைக்குமளவுக்கு ஒரு மௌனம். பிறகு அதே இடத்திலிருந்து திரும்பவும். எங்களில் ஒருவர் முதன்முறை கேட்டபோது போனைத் தட்டிப் பார்த்தார். ஹார்ட்கோரின் வேகத்தைக் கைவிட்டு, றெகேயின் இடைவெளிகளையும் வொஷிங்டன் கறுப்பின மக்களின் 'கோ-கோ' தாளத்தையும் உள்வாங்கிய இசை அது. வேகமாக அடித்தால்தான் கோபம் என்ற எண்ணத்தை மாற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு பிலடெல்பியாவில் ஒரு உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்த நிகழ்ச்சியில் பிச்சியோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள்ளால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடுவதை ஜெம் கோஹனின் 'இன்ஸ்ட்ருமென்ட்' படத்தில் பார்க்கலாம். கையில் கிற்றார் இல்லாத ஒரு பாடகனுக்கு மேடையில் வேறென்ன வேலை.

இனி அந்த ஐந்து டொலர்.

கணக்கு இப்படித்தான் நடந்தது. இடங்களை ஒழுங்குசெய்தது மக்காய், வீட்டுத் தொலைபேசியில், தானே. ஆகவே முகவருக்குப் பங்கு இல்லை, மனேஜருக்குப் பங்கு இல்லை. பயணம் வானில். கூடப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். படுக்கை நண்பர்களின் வீட்டு நிலத்தில். ஒளியமைப்பு, புகை, திரை ஒன்றுமில்லை. மதுச்சாலைக்காரர் 'எல்லா வயதினருக்கும்' என்பதற்கு ஒத்துவராவிட்டால் தேவாலய மண்டபம், பள்ளிக்கூட மண்டபம், சமூகநிலையம், பழைய திரையரங்கு. அந்த இடங்களின் வாடகை குறைவு. டிக்கட் மலிவாக இருந்தபடியால் குழுவைப் பற்றித் தெரியாதவர்களும் வந்து பார்த்தார்கள். பிடிக்காட்டில் ஐந்து டொலர்தானே. எண்ணூறு பேர் வந்தால் நாலாயிரம் டொலர். மண்டபத்துக்கும் ஒலிக்கும் மற்றக் குழுவுக்கும் கொடுத்தபிறகும் நாலு பேருக்குச் சாப்பாடும் வீட்டு வாடகையும் தேறும். நூறு பேரிடம் நாற்பது டொலர் வாங்கினாலும் அதே நாலாயிரம்தான். ஆனால் அடுத்தமுறை அதே நூறு பேர்தான் வருவார்கள்.

அவர்கள் காசு பார்க்கவில்லை என்பது பொய். நன்றாகவே பார்த்தார்கள். செலவை வெட்டினால் ஆரிடமும் கைநீட்டத் தேவையில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

இசைத்தட்டிலும் அதே முறை. டிஸ்கோர்ட் வொஷிங்டன் பக்கத்துக் குழுக்களின் தட்டுகளை மட்டுமே வெளியிடும். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வாய்ப்பேச்சுத்தான். தபாற்செலவுடன் சேர்த்து விலையை அட்டையிலேயே அச்சிட்டார்கள், கடைக்காரர் ஏற்றி விற்கக்கூடாது எண்டு. ஒலிப்பதிவு ஆர்லிங்டனில் டொன் சியென்டாராவின் 'இன்னர் இயர்' கலையகத்தில். ஆரம்பத்தில் அது அவருடைய வீட்டு நிலவறை. 1990இல் வந்த 'ரிப்பீட்டர்' உட்பட பெரும்பாலான தட்டுகள் அங்கே பிறந்தவை.

மலிவான டிக்கட்டுக்கு வேறொரு பயனும் இருந்தது. கூட்டத்தில் ஆளையாள் இடிக்கிறவனைக் கண்டால் மக்காய் பாட்டை நிறுத்திவிடுவார். பெயர் கேட்பார், மரியாதையாகக் கதைப்பார், நிறுத்தச் சொல்லுவார். கேட்காவிட்டால் வெளியே அனுப்புவார்கள், கையில் ஒரு கடித உறை கொடுத்து. உள்ளே ஐந்து டொலர். வானில் இப்படி உறைகள் தயாராக இருக்கும். நாற்பது டொலர் டிக்கட்டுக்கு இதைச் செய்து பாருங்கள், அடுத்த ஊருக்குப் பெற்றோல் அடிக்கக் காசிருக்காது. இந்த நிறுத்தலும் புத்திசொல்லலும் சிலருக்கு எரிச்சல். காசு கொடுத்து வந்தது வாத்தியாரிடம் ஏச்சு வாங்கவோ என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் முன்வரிசையில் பெண்பிள்ளைகள் நிற்கக்கூடிய நிகழ்ச்சியை நடத்துவதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அதுதான்.

சொந்த ஊரில் நடத்திய நிகழ்ச்சிகள் எல்லாம் ஒன்றில் இலவசம், ஒன்றில் நிதிசேர்ப்பு, ஒன்றில் ஆர்ப்பாட்டம். 'பொசிட்டிவ் ஃபோர்ஸ்' என்ற இளைஞர் கூட்டு அவற்றில் கனத்தை ஒழுங்குசெய்தது. காசு இலவச மருத்துவ நிலையம் போன்ற இடங்களுக்குப் போனது. 1990 டிசம்பரில் லோர்ட்டன் சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்கு வாசித்தார்கள். 1991 ஜனவரி 12ஆம் திகதி, வளைகுடாப் போர் தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபயெட் பூங்காவில், குளிரில், மழையில் நனைந்துகொண்டு நின்ற கூட்டத்துக்கு முன்னால் வாசித்தார்கள். போர் நிற்கவில்லை. அந்த நிகழ்ச்சியின் படங்களில் எங்களைத் தொட்டது இசைக்குழு இல்லை. பின்னால் தெரிகிற அந்த வெள்ளைக் கட்டடம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதுதான்.

அந்த ஆண்டு செப்டெம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. ஒரு வருடத்துக்குள் எல்லாப் பெரிய கொம்பனிகளும் காசோலைப் புத்தகத்தோடு சின்னச்சின்ன ஊர்களில் இறங்கிவிட்டன. ஃபுகாஸியின் 1993ஆம் ஆண்டுத் தட்டு விளம்பரமில்லாமலே பில்போர்ட் 200 பட்டியலில் ஏறியது. அந்த ஆண்டு நியூயோர்க் நிகழ்ச்சி ஒன்றுக்கு அட்லாண்டிக் ரெக்கோர்ட்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டெகன் நேரே வந்து, வேண்டியதைக் கேளுங்கோ எண்டார். சொந்த லேபிளும் பத்து மில்லியன் டொலருக்கு மேலும் என்று கதை. மறுத்தார்கள். இது எல்லாரும் சொல்லுகிற கதை, அதனால் வேகமாகக் கடக்கிறோம்.

அந்தத் தட்டின் பின்னால் உள்ள கதை எங்களுக்கு இன்னும் சுவாரசியம். அதை முதலில் சிக்காகோவில் ஸ்டீவ் அல்பினியிடம் பதிவுசெய்தார்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் சரியில்லை. அல்பினியும் அதையே சொன்னார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊரில் திரும்பப் பதிவுசெய்தார்கள். திகதி குறித்து நெருக்க ஆருமில்லாதவர்களுக்குத்தான் இது ஏலும். அதே அல்பினி 1993இல் 'த பஃப்ளர்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கற்பனைக் குழு, பெரிய கொம்பனியிடம் இரண்டரை லட்சம் டொலர் முற்பணம் வாங்குகிறது. இரண்டரை லட்சம் தட்டும் விற்கிறது. மனேஜர், வழக்கறிஞர், கலையகம், வீடியோ, பஸ் எண்டு வரிவரியாகக் கழித்துக்கொண்டு வருகிறார். கடைசி வரியில் இசைத்துறைக்குக் கிடைத்தது மூன்று மில்லியனுக்கு மேல். குழுவில் ஆளுக்குக் கிடைத்தது 4,031 டொலரும் 25 சதமும். ஒரு பெட்டிக்கடையில் கல்லாவில் நின்றாலும் மூன்று மடங்கு கிடைக்கும் என்று அவர் சொல்கிறார். இந்தக் கணக்கைப் பார்த்தபிறகு ஃபுகாஸியின் மறுப்பில் தியாகம் எவ்வளவு, கெட்டித்தனம் எவ்வளவு எண்டு பிரிக்க எங்களால் முடியவில்லை.

எல்லாரும் மறுக்கவில்லை. டிஸ்கோர்ட்டில் இருந்த ஜோபொக்ஸ் அட்லாண்டிக்குக்கும், ஷடர் டு திங்க் எபிக்குக்கும் போய், இரண்டும் 1994இல் அங்கே தட்டு வெளியிட்டன. நல்ல தட்டுகள். ஜோபொக்ஸ் 1997இல் கலைந்தது. அட்லாண்டிக்கில் வந்த அந்தத் தட்டை 2009இல் திரும்ப வெளியிட்டபோது அட்டையில் டிஸ்கோர்ட் பெயரும் இருந்தது. போனவர்களைத் துரோகி எண்டு டிஸ்கோர்ட் எழுதிவைக்கவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். எங்கள் ஊர்க் குழுக்கள் பிரிந்தால் முகநூலில் மூன்று மாதம் ஓடும்.

இதே காலத்தில் நிர்வாணாவுக்கு நிகரான பேர்ல் ஜாம் குழு டிக்கட் விலையை இருபது டொலருக்குள் வைக்க முயன்றது. 1994இல் டிக்கட்மாஸ்டருக்கு எதிராக அமெரிக்க நீதித்திணைக்களத்தில் முறையிட்டது. அடுத்த வருடம் திணைக்களம் விசாரணையை மூடிவிட்டது. உலகின் மிகப் பெரிய றொக் குழுவால் முடியாமற்போனதை வானில் திரிந்த நாலு பேர் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் அவர்கள் நல்லவர்கள் என்பதில்லை. டிக்கட்மாஸ்டர் கைவைக்கக்கூடிய மைதானம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்த அளவுக்கு மேல் பெருக்க அவர்கள் விரும்பவுமில்லை.

இனி, எங்களுக்குச் சரிவராதவை. 'சஜெஷன்' என்ற பாட்டில் தெருவில் தொல்லைக்குள்ளாகும் பெண்ணின் குரலில் மக்காய் பாடுகிறார். மேடையிலேயே அதைச் சில வேளைகளில் பெண் ஒருவரிடம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதுதான் சரி என்று எங்கள் பெண் உறுப்பினர்கள் சொல்லுகிறார்கள்; அவர் பாடாமலே விட்டிருக்கலாம் என்றும் ஒருவர். அடுத்தது, இந்தச் சுதந்திரத்துக்கு அடியில் இருந்த தரை. பழகுவதற்குத் தகப்பன் தாயின் வீட்டு நிலவறை, நேரத்துக்குப் போய்ச்சேரும் தபால், ஆங்கிலம், எந்த நாட்டு விமான நிலையத்திலும் மறிக்காத கடவுச்சீட்டு. ஐரோப்பாவுக்கு 1988இலேயே போய்வந்துவிட்டார்கள். ஒரு தட்டை லண்டனில் பதிவும் செய்தார்கள். எங்கள் நண்பர்கள் சிலர் ஒரு விசாவுக்கு வங்கிக்கணக்கில் காட்டவேண்டிய தொகை, ரீன் ஐடில்ஸின் பெட்டியில் இருந்ததைப் போலப் பல மடங்கு. இதைச் சொல்லாமல் அவர்களைப் புகழ்ந்தால், இங்கே முடியாமற்போனவர்களை நாங்களே சோம்பேறிகள் ஆக்குகிறோம்.

துறவிக் கதையும் அவர்களுக்குச் சுமையாகவே இருந்தது. ஹீற்றர் இல்லாத வீட்டில் சோறு மட்டும் தின்று வாழுகிறார்கள் எண்டெல்லாம் வதந்தி. மது, சிகரெட் விளம்பரம் போடுகிற பெரிய சஞ்சிகைகளுக்குப் பேட்டி இல்லை, ஆனால் பெடியள் போட்டோப்பிரதி எடுத்து விற்கிற சின்ன இதழ்களுக்கு மணிக்கணக்காகப் பேட்டி கொடுத்தார்கள். ரீசேட் விற்காததால் 'இது ஃபுகாஸி ரீசேட் அல்ல' என்று அச்சடித்து வேறு ஆட்கள் விற்றார்கள். நன்றாக விற்றதாம்.

1995இன் 'ரெட் மெடிசின்', 1998இன் 'என்ட் ஹிற்ஸ்' இரண்டிலும் குழு தன் சத்தத்தைப் பிரித்துப் போட்டு விளையாடுகிறது. 2001 ஒக்டோபரில் வந்த 'த ஆர்கியுமென்ட்' எங்களில் பாதிப் பேருக்கு மிகப் பிடித்தது. மற்றப் பாதி 'ரிப்பீட்டர்' கட்சி. வயதாகிய குழு எண்டு சொல்ல ஏலாத தட்டு. ஆனால் நாலு பேருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. குழந்தைகள், குடும்பம். வருடத்தில் பல மாதம் வானில் இருக்க ஏலாது. பஸ் பிடித்து, ஹோட்டல் போட்டு, தாதி வைத்துப் போகலாம். பிறகு டிக்கட் ஐந்து டொலராக இராது. 2002 நவம்பர் 4ஆம் திகதி லண்டன் ஃபோரம் அரங்கில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. பிரிவு எண்டு அறிவிக்கவுமில்லை. இடைவேளை என்றார்கள், அந்த இடைவேளை இருபது வருடத்தையும் தாண்டிவிட்டது. மற்றக் குழுக்கள் பழைய பெயரோடு திரும்பி வந்து பெரிய விழாக்களில் பெரிய தொகைக்கு வாசிக்கிறார்கள். இவர்கள் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் அது ஒரு அறைக்குள், தங்களுக்காக.

ஆனால் சும்மா இருக்கவில்லை. மக்காய் ஏமி ஃபரினாவோடு 'த ஈவன்ஸ்' என்று இரண்டு பேர் குழுவில் நூலகங்களிலும் சமூகமண்டபங்களிலும் வாசித்தார். பிறகு லாலியும் சேர்ந்து 'கொரிக்கி'. லாலியும் கான்டியும் கிற்றார்க்காரர் அன்தனி பிரோக்குடன் 'மெஸ்தெற்றிக்ஸ்'. டிஸ்கோர்ட் இன்னமும் ஓடுகிறது.

2011இல் தாங்கள் ஒலிநாடாவில் பிடித்துவைத்திருந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். எண்ணூறுக்கும் மேல். பிழைவிட்ட பாட்டு, அறுந்த கம்பி, கூட்டத்தோடு வாக்குவாதம் எல்லாம் அப்படியே. எழுதிவைத்த பாட்டுப்பட்டியல் இல்லாமலே மேடையேறுகிறவர்கள் என்பதால் ஒவ்வொரு இரவும் வேறு ஒழுங்கு. ஒரு நிகழ்ச்சியைத் தரவிறக்க அவர்கள் கேட்கிற விலையும் ஐந்து டொலர். ஏலாதவர்கள் ஒரு டொலர் கொடுக்கலாம், விரும்பினால் நூறும் கொடுக்கலாம்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது: திகதி, இடம், பதிவுசெய்தவர், வந்தவர் தொகை, வாசலில் வாங்கிய காசு. போன கிழமை இரவு இரண்டு மணி வரைக்கும் எங்களில் மூன்று பேர் பாட்டைப் போடாமல் அந்தக் கடைசி வரியை மட்டும் கீழே கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 5 டொலர். 5 டொலர். 5 டொலர். இடையில் ஒரு இலவசம். திரும்பவும் 5 டொலர்.